போருக்குச் செலுத்திய ஸ்தோத்திரக் காணிக்கை

அரியாலையில், கண்டி வீதியோரம் ஒரு கொமினிக்கேசன் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி, லமினேற்றிங், போன் ரீலோட், பாஸ்போட் அளவுப் படம் ஆகியவற்றோடு உலகப் போர்களின் போக்குப் பற்றிய விளக்கமும் அங்கே கிடைக்கும். மற்றவற்றுக்கெல்லாம் காசு. விளக்கம் இலவசம், வேண்டாமென்றாலும் கிடைக்கும்.

கடைக்காரர் பெயர் அன்புராஜா. வயது ஐம்பத்தெட்டு. மெலிந்த உடம்பு, சட்டைப்பையில் இரண்டு பேனை, இடது தோளுக்குள் ஒரு இரும்புத் துண்டு. அந்தத் துண்டு எண்பத்தேழில் உள்ளே போனது. அது யார் அடித்த ஷெல்லின் துண்டு என்பதில் குடும்பத்துக்குள் இன்றுவரை கருத்தொற்றுமை இல்லை. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது தாயைச் சைக்கிள் கரியரில் இருத்தி, மழைக்குள் செம்மணி வெளியைத் தாண்டி, நாவற்குழிப் பாலத்தடியில் சனத்தோடு சனமாக விடியவிடிய நின்றவர். அதைப் பற்றி யாராவது கேட்டால் “அது வேறை” என்பார். எதிலிருந்து வேறு என்று சொல்லமாட்டார்.

போருக்குக் கீழே குந்தியிருந்த காலத்தில் அவருக்குப் போரைப் பற்றி ஒன்றுமே விளங்கவில்லை. அது ஆயிரக்கணக்கான மைல் தள்ளிப் போன பிறகுதான், கைத்தொலைபேசித் திரையில், துலக்கமாக விளங்கியது.

வடக்கே, பனி கொட்டும் தேசத்தில், ஒரு பெரிய நாடும் அதன் பக்கத்துச் சின்ன நாடும் மூன்று வருடமாக அடிபட்டுக்கொண்டிருந்தன. கடையில் அவற்றுக்குப் பெயர் பெரியவர், சின்னவர். அன்புராஜா பெரியவரின் ஆள். பெரியவருக்கு இது தெரியாது என்பது அவருடைய ஆதரவை எந்தவகையிலும் பாதிக்கவில்லை. சுவரில் ஒரு தேசப்படத்தைத் தானே லமினேற் செய்து ஒட்டி, ஒவ்வொரு காலையும் பழைய முன்னரங்கைத் துணியால் துடைத்துவிட்டுப் புதியதைச் சிவப்பு மாக்கரால் கீறுவார். ஐந்து நிமிடத்தில் பத்துக் கிராமம் கைமாறும்.

“இதிலை விளங்கிறதுக்கு ஒண்டுமில்லை,” என்று அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்தவர்களுக்கு விளக்குவார். “இது ஒரு காணி வழக்கு. பாட்டன் காலத்திலை ஒரே வளவு. நடுவிலை ஆரோ ஒருத்தன் யோசினை இல்லாமல் பிரிச்சு எழுதிப்போட்டான். இப்ப பெரியவர் தன்ரை பங்கைக் கேக்கிறார். காணி உறுதி அவரிட்டைக் கிடக்கு. இதைப் போய் போர் எண்டு சொல்லுறாங்கள். எல்லை போடுறது, அவ்வளவுதான்.”

சின்னவரின் பக்கம் வாதாட நமசிவாயம் இருந்தார். தென்மராட்சிக்காரர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், பக்கத்து ஒழுங்கையில் மகளோடு இருப்பவர். பத்திரிகை வாங்க வருவதாகச் சொல்லிக்கொண்டு தினமும் வருவார். அந்தக் கடையில் பத்திரிகை விற்பதில்லை.

“அன்பு, நான் சங்கிலி பிடிச்ச காணியளிலை உறுதி இல்லாதவன் எண்டு ஒருத்தனையும் காணேல்லை. ரெண்டு பேரும் வைச்சிருப்பாங்கள். ரெண்டும் சரியாயும் இருக்கும்.”

“அப்ப பெரியவர் பாத்துக்கொண்டு இருக்கிறதோ அண்ணை?”

“வளவுக்கை பூந்தால் சின்னவர் அடிக்கத்தான் வேணும். பெரியவர் வழக்குப் போடட்டும்.”

“வழக்கு முடிய நாப்பது வரியம் செல்லும்!”

“சண்டை கெதியா முடிஞ்சிட்டுதோ?”

அன்புராஜாவிடம் ஒரு சமாதானத் திட்டமும் இருந்தது. பெரியவர் ஆற்றைக் கடக்கவேண்டும், துறைமுகம் கைக்கு வரவேண்டும், சின்னவர் மன்னிப்புக் கேட்கவேண்டும், அதன்பிறகு உடனடியாகச் சமாதானம். இதை அவர் தேவனிடமும் சமர்ப்பித்திருந்தார். ஊர்ச் சபையில் ஞாயிறு மன்றாட்டு நடத்துவது மாதத்தில் ஒருமுறை அவருடைய முறை. “சமாதானப் பிரபுவே, யுத்தங்களை ஓயப்பண்ணும்” என்று எல்லோரையும்போலத் தொடங்கி, எந்தப் பாலம் விழுந்த பிறகு ஓயப்பண்ணவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

போதகர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, “அன்புராஜா, ஆண்டவருக்குப் பாலம் எல்லாம் சொல்லத் தேவையில்லை,” என்றார்.

“அவர் சர்வ ஞானிதான் ஐயா. எண்டாலும் விபரம் குடுத்து வைக்கிறது நல்லது.”

அவருக்கு ஒரே மகன், சுஜீவன். இருபத்தாறு வயது. உயர்தரம் படித்து, கணினி படித்து, இரண்டு இடத்தில் வேலை பார்த்து, கடைசியில் கண்டி வீதியில் நிற்கும் எல்லாப் பெடியன்களையும்போல பிரான்சைப் பார்த்தபடி நின்றான். ஏஜென்சிக்காரன் ஒருவன் பெரியவரின் நாட்டு வழியாகக் கூட்டிப்போவதாகச் சொன்னான். “பெரியவரின்ரை நாடெண்டால் பயமில்லை” என்று தகப்பன் வழியனுப்பினார். போய் மூன்றாம் மாதம் சுஜீவன் தொலைபேசி எடுத்தான். பின்னால் யாரோ சத்தமாகப் பேச, அவசரமாகக் கதைத்தான்.

“அப்பா, பிரான்ஸ் போறது இப்ப சரிவராதாம். இஞ்சையே வேலை எடுத்துத் தாறாங்கள். கிச்சினிலை. அரசாங்க வேலை. யூனிபோம், சாப்பாடு, தங்கிற இடம் எல்லாம் அவங்கள்தானாம்.”

“அரசாங்க வேலையோ? பென்சன் இருக்கோ?”

“இருக்குதாம்.”

உலகில் வேறெந்த ஊரிலும் ஒரு தகப்பன் அந்த இடத்தில் இன்னொரு கேள்வி கேட்டிருப்பான். போர் நடக்கும் நாட்டில், அந்நியப் பெடியன் ஒருவனுக்கு, மொழி தெரியாமல், நேர்முகத் தேர்வு இல்லாமல், யூனிபோமோடு என்ன வேலை என்று கேட்டிருப்பான். யாழ்ப்பாணத்தில் பென்சன் என்ற சொல்லுக்குப் பிறகு கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. போர் நிபுணர் தொலைபேசியை வைத்துவிட்டு, “ஜொய்சி! பெடியனுக்குக் கவுண்மேந்து உத்தியோகம்!” என்று கூவினார். ஜொய்சி அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, நின்ற நிலையிலேயே கண்ணை மூடி ஜெபித்தாள்.

அந்த ஞாயிறு சபையில் ஸ்தோத்திரக் காணிக்கைகள் வாசிக்கப்பட்டன. இரண்டு பிறந்தநாள், ஒரு பித்தக்கல், ஒரு கனடா விசா. அவற்றுக்குப் பின், “மகன் சுஜீவனுக்கு வெளிநாட்டில் நிரந்தர அரசாங்க உத்தியோகம் கிடைத்தமைக்காக, அன்புராஜா, ஜொய்சி குடும்பத்தினர்.” சபையார் எழுந்து நின்று ஒரு நன்றிப் பாடலின் முதற் சரணமும் கடைசிச் சரணமும் பாடினார்கள். வாசலில் கைகுலுக்கல் நடந்தது. சங்கீதக் குழுவில் பாடும் றெஜினா அவருடைய கையை விடவேயில்லை.

“அன்பண்ணை, எங்கடை லியோனும் சும்மாதானே நிக்கிறான். அந்த ஏஜென்சியின்ரை நம்பரை ஒருக்காத் தாங்கோவன்.”

நம்பரைக் கொடுத்தார். துண்டில் எழுதிக்கூடக் கொடுத்தார்.

ஒரு மாதம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை முற்பகல், அன்புராஜா தேசப்படத்தில் ஒரு சுரங்கப் பட்டினத்தை நோக்கித் தடித்த அம்புக்குறி கீறி முடித்து, நமசிவாயத்தின் பக்கம் திரும்பினார்.

“இதைப் பிடிச்சால் சின்னவரின்ரை கதை முடிஞ்சுது. ஆயிரம் ரெண்டாயிரம் போகத்தான் செய்யும். போனாப் பரவாயில்லை. புதுப் பெடியளை முன்னுக்கு விட்டு, அவங்கள் எங்கையிருந்து அடிக்கிறாங்கள் எண்டு பாக்கிறது. பிறகு பழகின படை போகும். கெட்டித்தனமான வேலை, அண்ணை.”

அப்போது தொலைபேசி அடித்தது. சுஜீவன். திரையில் முகம் இல்லை, இருட்டு.

“அப்பா, மெல்லக் கதையுங்கோ. நான் கிச்சினிலை இல்லை.”

“எங்கை நிக்கிறாய்?”

மகன் அந்தச் சுரங்கப் பட்டினத்தின் பெயரைச் சொன்னான். உச்சரிப்புப் பிழை. தகப்பன் அதைத் திருத்தவில்லை.

“கொண்டுவந்து பங்கருக்கை விட்டிருக்கிறாங்கள். துவக்குத் தந்தவங்கள், அஞ்சு நாள் சுடக் காட்டித் தந்தவங்கள். எங்கடை ஆக்கள் இன்னும் ரெண்டு பேர். நாளைக்கு எங்களைத்தான் முதல் அனுப்பப்போறாங்களாம்.” குரலை இன்னும் தாழ்த்தினான். “அப்பா, நீங்கள் உதைப் பற்றி எல்லாம் பாக்கிறனீங்கள்தானே. எங்களை ஏன் முதல் அனுப்புறாங்கள்?”

மூன்று வருடத்தில் கடைக்கு வந்த கேள்விகளில் அன்புராஜாவுக்கு விடை நிச்சயமாகத் தெரிந்திருந்த கேள்வி அது. அதே விடையை அரை நிமிடத்துக்கு முன்புதான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தார்.

தொடர்பு அறுந்தது. அன்புராஜா சுவரைப் பார்த்தார். அம்புக்குறி நல்ல தடிப்பாகத்தான் விழுந்திருந்தது. நமசிவாயம் எழுந்து, வாசற் கதவை அரைவாசி இழுத்து மூடிவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

“நான் சின்னவர் அடிக்கவேணும் எண்டு சொன்னது...” என்று நமசிவாயம் தொடங்கினார். “அது ஒரு பொதுவிலை சொன்னது, அன்பு.”

அதன்பிறகு அந்தக் கதிரைகளில் உலக வரலாற்றிலேயே மிக வேகமான சமாதானப் பேச்சுவார்த்தை நடந்தது. ஆறு தேவையில்லை என்றார் அன்புராஜா. துறைமுகமும் தேவையில்லை, மன்னிப்பும் தேவையில்லை, பெரியவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இன்றைக்கே வீட்டுக்குப் போகட்டும். “சீச்சீ, அப்பிடியில்லை,” என்றார் நமசிவாயம். சின்னவர் முழுக் காணியையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் சுடுவதை நிறுத்தட்டும், மண் எங்கேயும் ஓடிப்போகாது. இல்லை, பெரியவர்தான் விடவேண்டும் என்று அன்புராஜா குரலை உயர்த்தினார். இருவரும் பக்கம் மாறி நின்று மறுபடி சண்டை பிடித்தார்கள். ரீலோட் போட வந்த பெண் ஒருத்தி, இரண்டு கிழவர்களும் அழுவதைக் கண்டு, வந்தபடியே திரும்பிப் போனாள்.

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. வியாழக்கிழமை ஒரு குரற்பதிவு வந்தது. சுஜீவன் உயிரோடு இருந்தான். ஜொய்சி அதைக் காதில் வைத்தபடியே சமைத்தாள், வைத்தபடியே படுத்தாள்.

அன்புராஜா ஏஜென்சிக்காரனைத் தொலைபேசியில் பிடித்தார். அவன் பதறவேயில்லை.

“அண்ணை, ஒரு சின்னப் பிழை நடந்துபோச்சு. கதைச்சுக் கிச்சினுக்கு மாத்தி விடுறன். ஆனால் ஒண்டு, நீங்கள் அங்கை இஞ்சை எண்டு கதை பரப்பினால் அங்கையுள்ளவங்கள் கோவிப்பாங்கள். பிறகு பெடியனைத் திரும்ப முன்னுக்குத்தான் விடுவாங்கள். உங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தரவேணுமே?”

தரவேண்டியதில்லை. அன்புராஜாவுக்கு நன்றாகவே விளங்கியது. விளங்காத ஒன்று மிச்சமிருந்தது. றெஜினாவின் மகன் லியோன் இதே ஆளின் வழியாக வரும் செவ்வாய்க்கிழமை பறக்கிறான், அவனை என்ன சொல்லி மறிப்பது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் றெஜினாவின் வீட்டுக்குப் போனார். முற்றத்தில் பெரிய சூட்கேஸ் ஒன்று வெயிலில் காய்ந்தது. கதிரையில் இருக்கவும் மாட்டாமல், நிற்கவும் மாட்டாமல், “றெஜினா, பெடியனை அனுப்பாதையும்,” என்றார். “அது சரியில்லாத வேலை.”

“என்ன சரியில்லை?”

சொன்னால் பரவும். பரவினால் ஏஜென்சிக்காரனின் காதுக்குப் போகும். “குளிர்,” என்றார் போர் நிபுணர். “சரியான குளிர்.”

றெஜினா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அன்பண்ணை, உங்கடை பெடியனுக்குக் கவுண்மேந்து உத்தியோகம் வந்தால் கோயிலிலை வாசிப்பியள், நாங்கள் எழும்பி நிண்டு பாட்டுப் படிக்கவேணும். எங்கடை பெடியன் போகவேண்டி வந்தால் குளிரோ? உந்த எரிச்சல் உங்களிட்டை இருக்குமெண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தார்.

வரப்போகும் ஞாயிறு மன்றாட்டு அவருடைய முறை. சனிக்கிழமை காலை, தேங்காய் திருவிக்கொண்டிருந்த ஜொய்சியிடம், குரற்பதிவைச் சபையில் போடப்போவதாகச் சொன்னார். திருவலகைச் சத்தம் நின்றது.

“போட்டால் அவனை என்ன செய்வாங்கள் எண்டு தெரியும்தானே?”

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டு?”

“போடாட்டில் செவ்வாய்க்கிழமை லியோன் போறான். நாங்கள் குடுத்த காணிக்கையைப் பாத்துத்தான் போறான், ஜொய்சி. நீரும் நானும் நிண்டு பாடினம்.”

“எனக்கு லியோனும் வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம். என்ரை பிள்ளை கிச்சினுக்குப் போகட்டும். மூண்டு வரியமாக் கத்தினீங்கள், ஆயிரம் போகட்டும், ரெண்டாயிரம் போகட்டும் எண்டு. அந்தத் தாய்மாரை ஒருநாளும் நினைக்கேல்லை. இண்டைக்கு றெஜினாவை மட்டும் நினைக்கிறியளோ?”

அவள் மறுபடி திருவத் தொடங்கி, தேங்காய்ச் சிரட்டையில் வெள்ளை தீர்ந்த பிறகும் திருவிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. வாழ்நாளில் முதன்முறையாக நமசிவாயம் அங்கே வந்து, திருநீற்றோடு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கடைசி வரிசை மர வாங்கில் இருந்தார். மன்றாட்டு நேரம் வந்தது. அன்புராஜா மைக்குக்கு முன்னால் போனார். சபையார் வழக்கப்படி கண்ணை மூடி, எந்தப் பாலம் என்று கேட்கக் காத்திருந்தார்கள்.

“இது என்ரை மகன்,” என்று மட்டும் சொல்லி, தொலைபேசியை மைக்கோடு சேர்த்துப் பிடித்தார்.

“அப்பா, அம்மா, நான் இருக்கிறன்,” என்றான் சுஜீவன். கோயிலின் நான்கு ஒலிபெருக்கியிலும் அவன் குரல் வந்தது. “கிச்சின் எண்டது பொய். எங்களோடை வந்ததிலை ஒருத்தன் நேற்று முடிஞ்சான். முல்லைத்தீவுப் பெடியன். அப்பா, நீங்கள் சொல்லுவியள் இது காணி வழக்கெண்டு. நான் இஞ்சை ஆரின்ரை காணிக்கு நிக்கிறன்? முன்னுக்கு ஒரு வீடு தெரியுது. கூரை இல்லை. கொடியிலை உடுப்புக் காயுது...”

அந்த இடத்தில், தூரத்தில், மந்தமாக ஒரு சத்தம் கேட்டது. டுக்.

இந்தச் சத்தத்தை யாழ்ப்பாணத்தில் ‘குத்துறது’ என்பார்கள். ஷெல் புறப்படும் சத்தம். அது வந்து விழுவதற்குள் நிலத்தில் படுத்துவிடவேண்டும். அதற்கிடையில் கிடைக்கும் நேரம் எவ்வளவென்று இங்குள்ளவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவில்லை. ஆனாலும் ஒருவரும் மறக்கவில்லை. ஓகன் வாசிக்கும் பெண்ணைக் காணவில்லை, அவள் ஓகனுக்குக் கீழே இருந்தாள். முழங்கால் மாற்றிய சிமியோன் ஐயா, பெரிய வைத்தியர்கள் மடிக்கவே கூடாது என்று சொன்ன அந்தக் காலை மடித்து, வாங்குக்குக் கீழே கிடந்தார். போதகர் பீடத்துக்குப் பின்னால் குனிந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் நிலத்தில். சின்னவர்கள் மட்டும் வாங்குகளில் நிமிர்ந்திருந்து, தங்கள் தாய்தகப்பனுக்கு என்ன நடந்ததென்று வாய்பிளந்து பார்த்தார்கள். லியோனும் அப்படித்தான் பார்த்தான். அவனுடைய கழுத்துப்பட்டியைப் பிடித்து றெஜினா கீழே இழுத்துத் தன் உடம்பால் மூடினாள்.

அது வெடித்தது. ஒலிபெருக்கிகள் கிழிந்தன.

“ஒண்டுமில்லையப்பா, தள்ளித்தான் விழுந்தது,” என்றான் சுஜீவன். பதிவு முடிந்தது.

பெரியவர் அடித்ததா, சின்னவர் அடித்ததா என்று நிலத்தில் கிடந்த ஒருவரும் கேட்கவில்லை.

மூத்தவர்களில் ஜொய்சி மட்டும் வாங்கில் அசையாமல் நேராக இருந்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் எந்த இடத்தில் வரும் என்று பாடமாக இருந்தது.

“போன மாதம் நாங்கள் குடுத்த ஸ்தோத்திரக் காணிக்கையை வாபஸ் வாங்கிறம்,” என்றார் அன்புராஜா மைக்கில். சபைச் செயலாளர் வாங்குக்குக் கீழேயிருந்து எழும்பி, வேட்டியில் தூசியைத் தட்டிக்கொண்டு, காணிக்கையை வாபஸ் வாங்க யாப்பில் இடமில்லை என்றும், விசேட கூட்டம் கூட்டித்தான் முடிவெடுக்கலாம் என்றும் தெரிவித்தார். றெஜினா எழும்பவில்லை. “அம்மா, விடுங்கோ, மூச்சு முட்டுது,” என்று லியோன் சொல்லுவது கேட்டது. அவள் விடவில்லை.

ஏஜென்சிக்காரன் பின்னேரமே எடுத்தான்.

“என்ன வேலை செய்தனீர்? செவ்வாய்க்கிழமை போக இருந்த நாலு பேரும் போகமாட்டமாம்!”

“நாலு பேரோ?” என்று அன்புராஜா கேட்டார். “எங்கடை சபையிலை லியோன் ஒருத்தன்தானே?”

“ஆரோ உம்மடை கூத்தை றெக்கோட் பண்ணி ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறான். வல்வெட்டித்துறைப் பெடியன் பாஸ்போட்டைத் திருப்பித் தா எண்டு வாசல்லை வந்து நிக்கிறான். இனி உம்மடை மகனுக்கு நான் பொறுப்பில்லை. கேட்டுதோ? பொறுப்பில்லை!”

தொலைபேசியை மேசையில் வைத்தார். ஜொய்சி அறை வாசலில் நின்றாள். நேற்றிலிருந்து அவரோடு கதைக்காதவள்.

“ஆர்?”

“ஏஜென்சிக்காரன். நாலு பேர் போகேல்லையாம்.”

அவள் அதை யோசிப்பவள்போல நின்றாள். நான்கு வீட்டுச் சூட்கேசுகள் திரும்பவும் கட்டிலுக்குக் கீழே போவதைப் பார்ப்பவள்போல.

“சுஜீயை என்ன செய்வாங்கள்?” என்றாள்.

எந்தப் படை எப்போது எங்கே நகரும், பின்வாங்குமா, சுற்றிவளைக்குமா என்று மூன்று வருடமாக ஒரு கேள்விக்கும் தயங்காத மனிதர் வாயைத் திறந்தார்.

“தெரியாது, ஜொய்சி.”

அவள் வந்து, தொலைபேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்து, மேசைக்கு மற்றப் பக்கம், அவருக்கு எதிரே இருந்தாள்.